வயிறு முட்டத் தின்று ஆடிய ஆட்டம்

மினசோட்டாவில் எல்ம் வேலி என்ற ஊர்ப் பக்கம் எய்னார் ஸ்டென்ஸ்ருட் என்றால், வெண்ணெய் கடைந்து விற்ற பெரிய மனுஷர் என்றுதான் பிற்காலத்தில் தெரியும். அப்பா ஓலாவுக்கு மூன்றாவது மகன். அம்மா வழியில் லீ குடும்பம். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த ஆட்கள், ஆளுக்கொரு வண்டி உடம்பு. அந்த உடம்பை நம்பித்தான் 1909இல் லூத்தரன் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு அவனைத் தலைவனாக்கினார்கள். முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிராளியை முட்டித் தள்ளிக் கோட்டைத் தாண்ட வேண்டும். எய்னார் முட்டினான், தள்ளினான். கோட்டைத்தான் தாண்டவில்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்கத் தோல்வி. விவசாயப் பள்ளியிடம் தோல்வி, பல் வைத்தியம் படிக்கிற பையன்களிடம்கூடத் தோல்வி. கல்லூரித் தலைவர் பாதிரியார் ஆஸ்முண்ட்சன் அவனைக் கூப்பிட்டுவிட்டார்.

"கடைசி ஆட்டத்துலயும் தோத்தா இந்தக் காலேஜ்ல இனி ஃபுட்பாலே கிடையாது. முட்ட ஆசையா இருந்தா வீட்டுல மாடு இருக்குல்ல?"

கெஞ்சிக் கூத்தாடி ஃபுட்பாலைக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததே எய்னார்தான். அவன் கையாலேயே அது சாவதா? நேரே கல்லூரிச் சமையற்கட்டுக்குப் போனான். அங்கே ராஜ்ஜியம் அவன் சித்தி குன்ஹில்டுடையது.

"சித்தி, வர்ற டீமுக்கு மத்தியானச் சாப்பாடு நாமதானே போடணும்? நல்லா அமுக்கிப் போடுங்க. ஒருத்தனும் ஓடக் கூடாது."

"அட படுபாவி! பாதிரியார் காலேஜ்ல படிச்சு வந்த புத்தியா இது?" என்று திட்டிக்கொண்டே சித்தி உருளைக்கிழங்கைத் துருவ உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை வந்தவர்களும் பக்கத்து மாவட்டத்து நார்வேக்காரப் பிள்ளைகள்தான். கைமுட்டி அளவு உருளைக்கிழங்கு உருண்டைகள், உள்ளே பன்றிக்கறி, மேலே உருக்கிய வெண்ணெய். எய்னார் நார்வேக்காரர் வழக்கம் ஒன்றை மறந்துவிட்டான். விருந்தாளி தின்கிறவரை வீட்டுக்காரன் முள்கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. வீட்டுக்காரன் தின்னும்போது விருந்தாளி வைத்தாலோ, சமைத்தவளுக்கு அவமானம். இரண்டு பக்கமும் அதே வளர்ப்பு.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்க, சீவர்ட்."

"ஐயோ, போதும்ங்க," என்றான் எதிரணித் தலைவன். "சரி, நீங்க எடுத்தா நானும் எடுக்குறேன்."

எய்னார் எடுத்தான். சீவர்ட்டும் எடுத்தான். மறுபடியும் எய்னார்.

"நிறுத்துடா!" என்று பின்னாலிருந்து சித்தி கிசுகிசுத்தாள்.

"அவன் நிறுத்தட்டும் சித்தி. நான் எப்படி நிறுத்துறது?"

மைதானத்தில் இறங்கியவை இருபத்திரண்டு பார வண்டிகள். விழுந்தவன் எழவில்லை, அவன்மேல் விழுந்தவனுக்கும் அவசரமில்லை.

"டேய், போர்வை கொண்டாரவா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

முடிகிற நேரம். சீவர்ட் பந்தோடு வந்தான். ஓடவில்லை, நடந்துதான் வந்தான். குறுக்கே எய்னார் ஒருவன்தான். துரத்தத் தெம்பில்லை, அப்படியே அவன்மேல் சாய்ந்துவிட்டான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் இருவரும் தரையில்.

"எந்திரிடா, மூச்சு முட்டுது!"

"முடிஞ்சா எந்திரிக்க மாட்டேனா?"

விசில் ஊதிவிட்டார்கள். இரு பக்கமும் பூஜ்யம்.

பாதிரியார் வேலியோரமாக வந்து நின்றார். "ஜெயிச்சீங்களா?"

"இல்லீங்க ஐயா," என்றான் எய்னார், படுத்தபடியே.

"தோத்தீங்களா?"

"அதுவும் இல்லீங்க."

பாதிரியார் தாடியைத் தடவினார். சொன்ன சொல் சொன்னதுதானே. "சரி, அடுத்த வருஷமும் ஆடித் தொலைங்க. சாப்பாடு மட்டும் ஆட்டம் முடிஞ்சப்புறம்."

அடுத்த வருடமும் ஆடினார்கள். எல்லாவற்றிலும் தோற்றார்கள்.