கொம்பியும் வாசனைச் சவர்க்காரமும்

நெடுந்தீவுக்குப் போன மகள் அங்குள்ள காட்டுக் குதிரைகளின் படம் அனுப்பியிருந்தாள். குட்டைக் கால்கள், பரட்டைப் பிடரி, கிட்ட வராதே என்கிற பார்வை. குதிரையைப் பார்த்தவனுக்கு எருமை நினைவு வருமா? எனக்கு வந்தது. என் புத்தி அப்படித்தான், விடுங்கள்.

கால்நடை வைத்திய அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த புதிதில், உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் ஊசி போட அனுப்பினார்கள். எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் பரவியிருந்தது. பக்கத்து எருமைப்பட்டி முழுக்கச் செத்துவிட்டது. மிச்சம் நடராசா அண்ணனின் பட்டி மட்டும்தான். விதைப்பு வந்ததும் காட்டோரம் கலைத்துவிட்டு, அறுவடைக்குப் பிறகே வயல் வட்டைக்குக் கொண்டுவருவார். அதனால் அவை பாதி காட்டு விலங்குகள். கரிய முதுகில் சேறு காய்ந்து வெடித்திருக்கும். தொடையில் அவருடைய குடிவழியின் சூட்டுக்குறி. முன்னால் நிற்பவள் கொம்பி. ஒரு கொம்பு வானத்தையும் மற்றது நிலத்தையும் பார்க்கும். அவள் நின்றால் பட்டி நிற்கும், ஓடினால் ஓடும்.

நான் மாப்பிள்ளை மாதிரி வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டையோடு போயிருந்தேன். கொம்பி ஒருமுறை மூக்கைத் தூக்கினாள். அடுத்த கணம் நான் மருத மரத்தில். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

அண்ணன் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டியில் மருந்து பின்னேரம் வரைதான் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். உடம்பிலிருந்த சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"இந்த மணத்தோட போனா குத்திப்போடும், தம்பி. இதப் போட்டுட்டு எனக்குப் பின்னால வாங்க."

வியர்வை, சாணி, புகையிலை எல்லாம் அதில் இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அவர் கொம்பியின் கழுத்தைச் சொறிந்து மரக்கட்டை அடைப்புக்குள் கூட்டிப்போக, மற்றவை பின்னால் போயின. ஊசி ஏறியபோது அவள் காதை மட்டும் ஆட்டினாள்.  அந்தப் பட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. மறுகிழமை எங்கள் வீட்டுக்கு மண்முட்டி நிறையத் தயிர் வந்தது.

பிறகு சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. அண்ணன் அடைப்பைத் திறந்து பட்டியை விட்டுவிட்டுப் போனார். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து தேடியபோது நானும் கூடப் போனேன். காட்டோரத்தில் ஒரு கூட்டம் நின்றது. கொம்பி இல்லை, பெரும்பாலும் குறியில்லாத இளசுகள். அவர் கூப்பிட்டார். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டன. ஆள் சேர்த்துக் கயிறு போட்டுப் பிடிப்போம் என்றேன்.

"வேணா தம்பி. நாம இல்லாமலே வளந்திட்டுதுகள். உசிரோட இரிக்கிதுகள்தானே, அது காணும்."

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

அண்ணன் இப்போது இல்லை. அந்தக் காட்டோரத்தில் மின்வேலி போட்டிருக்கிறார்கள். அவ்வழியே போகும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்றையும் கண்டதில்லை.