மஞ்சள் முடியோடு மாமன் மடி

வேலை போன அலுப்பில், மலேசியாவின் அலோர் ஸ்டார் நகரில் ஓர் அறையில் உட்கார்ந்து நானே என் முடிக்குப் பொன்னிறச் சாயம் பூசினேன். ஏற்கெனவே பூசியிருந்த கறுப்புச் சாயம் போகவில்லை. வெளுக்கும் மருந்தைத் தடவி அதிக நேரம் விட்டுவிட்டேன். முடி மஞ்சளானது, உச்சந்தலை கொப்பளித்தது.

மறுநாள் அக்காவின் ஊரான கரங்கானில், கோயிலில் அக்கா மகளுக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும்.

"என்னா மச்சான், சோளக் கதிரு மாதிரி வந்திருக்க? ஆளுங்க சிரிப்பாங்க லா. வேற யாராச்சும் உட்காரட்டும்," என்றார் அக்காவின் கணவர்.

"எந்தக் கலர்ல வந்தாலும் அவன்தான்லா மாமன். நீ உட்காருடா," என்றாள் அக்கா.

கத்தி பட்டதும் பிள்ளை வீறிட்டு என் முடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். புண்ணில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. நான் தலையை இழுத்தால் அவளும் அசைவாள், கத்தி கிழித்துவிடும். பல்லைக் கடித்துக் குனிந்தே இருந்தேன்.

மொட்டை முடிந்ததும் அக்கா பிள்ளையின் தலைக்குச் சந்தனம் பூசினாள். மிச்சத்தை என் கொப்பளங்களின்மேல் மெதுவாகத் தடவி, "எரியுதாடா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் குறைவு.