மேல் நம்பர், கீழ் நம்பர்

கர்ப்பிணிகளுக்கு போன் செய்து ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதுதான் என் வேலை. இதில் பேசுவது சுலபம், எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

போனை எடுக்காத பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எடுப்பதற்குள் மனசு என்னென்ன காட்டும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அது தினமும் பத்துப் பதினைந்து தடவை.

அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு மேஜை, ஒரு போன், ஒரு பட்டியல் கொடுத்து உட்கார வைத்தார்கள். முன்பெல்லாம் கர்ப்பிணிக்கு பி.பி. ஏறியிருந்தது என்பது பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் தெரியும். இப்போது மூன்றாம் மாதமே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்து, யாருக்கு ஏறக்கூடும் என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு ராத்திரி ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. வீட்டுக்கு ஒரு பி.பி. மிஷின். காலையும் மாலையும் கையில் கட்டிப் பார்த்து, திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். மேல் நம்பர் நூற்று நாற்பதையோ கீழ் நம்பர் தொண்ணூறையோ தொட்டால் நான் கூப்பிடுவேன். நூற்று அறுபது, நூற்றுப் பத்து என்றால் பேச்சே இல்லை, கிளம்பி வர வேண்டும். பிரசவம் ஆனதும் மிஷின் திரும்பி வரும். அடுத்தவளுக்குப் போகும்.

கோமதிக்கு ஒரு மிஷின்

கோமதி தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மூன்று வருடத்துக்கு முன் ஏழாம் மாதத்தில் வலிப்போடு கொண்டுவந்தார்கள். அன்று வார்டில் நான்தான் டியூட்டி. குழந்தை தங்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தவள் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

மறுபடி உண்டாகி மூன்றாம் மாதம் வந்தபோது ஸ்கேன் பார்த்த டாக்டர், "திரும்ப வர வாய்ப்பு இருக்கு, ஆனா இந்தத் தடவை நாம முன்னாடியே காத்துக்கிட்டு இருப்போம்" என்றார். மிஷினை எப்படிக் கட்டுவது என்று நான் சொல்லிக் கொடுத்தேன். முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், காலைத் தொங்கப் போடாமல் தரையில் வைக்க வேண்டும், ஐந்து நிமிடம் பேசக் கூடாது. கோமதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கணவர் சேகர், கோபாலபுரத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாசலிலேயே நின்றிருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கொழந்த இல்லாங்காட்டி இன்னா சிஸ்டர், வுடுங்க. இவ இருந்தா போதும். இவள மட்டும் பாத்துக்கங்க."

நல்லதாக ஒன்று

அதே சமயம் என் பட்டியலில் மயிலாப்பூர் வித்யா இருந்தாள். கணக்கு டீச்சர். அவளிடமிருந்து வரும் போட்டோக்கள் அழகாக இருக்கும்: நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு; நூற்று இருபது, எழுபத்தெட்டு. காலை எட்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. மூன்று வாரம் பார்த்தேன். ஒரு நாள்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. மனுஷ உடம்பு அப்படிக் கோடு போட்டு நிற்காது.

கூப்பிட்டேன். வித்யாவின் அம்மா எடுத்தார். மிஷினில் ஓரமாக ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் பழைய நம்பர்கள் ஒவ்வொன்றாக வரும், வாசியுங்கள் என்றேன். வாசித்தார். நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தாறு. நூற்றுப் பதினெட்டு. பிறகு மறுபடி நூற்று ஐம்பது. காலையில் நாலு தடவை, மாலையில் ஐந்து தடவை கட்டிப் பார்த்திருக்கிறார்கள். எது நல்லதோ அதை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்று மத்தியானமே வரச்சொல்லி, மாத்திரை ஆரம்பித்து, முப்பத்தேழாவது வாரத்தில் பத்திரமாகப் பிரசவம் ஆனது. ஏன் மாமி இப்படிச் செய்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டேன். "கெட்டதெல்லாம் உங்களுக்கு அனுப்பிண்டிருந்தா நீங்க பயந்துடமாட்டேளா? அதான் நல்லதா ஒண்ணு வர வரைக்கும் பாத்துண்டிருந்தோம்."

ஆடித் தள்ளுபடி

அதற்குப் பிறகு எல்லாரையும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கோமதி ஒளிக்கவில்லை. அவளுடைய பிரச்சினை வேறு. கடையில் வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆடி மாதம், அவளுக்கு ஏழாம் மாதம் தொடக்கம். ஒரு காலையில் நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு என்று அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். ஆனாலும் முதல் நாளைவிடப் பத்து அதிகம். பதினொரு மணியிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. போன தடவை அவளுக்கு இதே ஏழாம் மாதத்தில்தான் வலிப்பு வந்தது. மூன்று மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. கடையின் பொது நம்பருக்கே போட்டேன்.

போனை எடுத்த பெண் என்ன புரிந்துகொண்டாளோ, ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டாள்: "சேலைப் பிரிவு கோமதி, உங்களுக்கு பி.பி. எவ்வளவுன்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க." மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். பிரிவு மேற்பார்வையாளர் அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். பையில் இருந்த மிஷினைக் கட்டிப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்து நான்கு, தொண்ணூற்றிரண்டு. அன்று சாயங்காலமே மாத்திரை ஆரம்பமாயிற்று. மறுநாளிலிருந்து வேலைக்கும் லீவு. அந்த நம்பரை எனக்கு வாசித்துச் சொன்னவர் மேற்பார்வையாளர்தான். சொல்லிவிட்டுக் கூடவே ஒன்றையும் சேர்த்தார். "ஆடித் தள்ளுபடியில எங்க எல்லாருக்குந்தான் ஏறிக்கினு கீது சிஸ்டர், எங்களுக்கு யாரு போன் பண்றாங்க?"

ஒரு வாரம் கிடைத்தது

முப்பத்து நாலாவது வாரத்தில் நம்பர் மாத்திரைக்கு அடங்காமல் ஏற ஆரம்பித்தது. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இரண்டு பொருட்களை ஒப்பிட்டு, அடுத்த ஒரு வாரத்துக்குள் நிலைமை மோசமாகுமா என்று கணிக்கிறார்கள். கோமதிக்கு எடுத்தார்கள். முடிவு வரும்வரை சேகர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வேன் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் தாங்கும் என்று வந்தது. அதற்கு மறு வாரமும் எடுத்தார்கள். தாங்காது என்று வந்தது. அன்றே சேர்த்தார்கள், குழந்தையின் நுரையீரல் பலப்பட கோமதிக்கு ஊசி போட்டார்கள், இரண்டு நாள் கழித்து ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுதது. கோமதிக்கு வலிப்பு வரவில்லை.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பட்டியலில் அவள் பெயரின் மேல் கோடு போட்டேன். பிரசவம் ஆனால் கோடு. அதுதான் எங்கள் வழக்கம். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் அழுத்தம் ஏறலாம் என்று பயிற்சியில் படித்தவள்தான் நான். வார்டில் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது, நானும் கேட்டதில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சேகர் எல்லா மேஜைக்கும் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். "இனிமே என் போன்ல உங்க பேரு வந்தா பயமில்ல சிஸ்டர், சும்மா பேசலாம்."

வியாழக்கிழமை பன்னிரண்டரை மணி

குழந்தை பிறந்த பத்தாம் நாள் கோமதியே கூப்பிட்டாள். பெரும்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். அடையாற்றின் கரையில் இருந்த குடிசைகளை எடுத்து, அவள் அம்மாவுக்கு அங்கே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். "சிஸ்டர், மிஷினைத் திருப்பித் தரணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எங்கம்மா வூட்டுலேருந்து எதையும் வெளிய குடுக்க வுடாது. அவரு கொழந்தையப் பாக்க வந்துக்கிறாரு, ஒரு மணிக்கு சாயங்கால டிரிப்புக்குக் கிளம்புவாரு, குடுத்தனுப்பட்டுமா?"

எனக்கு சந்தோஷம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மிஷினுக்காகக் காத்திருந்தாள். திரும்பி வரும் மிஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும், கையில் கட்டும் பட்டை கிழிந்திருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்வது வழக்கம். "யார் கையிலயாவது கட்டி அமுக்கும்மா, சரியா ஓடுதான்னு பாத்துடலாம்" என்றேன். அவள் தன் கையிலேயே கட்டினாள். காற்று ஏறும் சத்தம் கேட்டது, இறங்கும் சத்தம் கேட்டது.

"மிஷின் கெட்டுடுச்சு போல சிஸ்டர், திட்டாதீங்க. நூத்தி எழுபத்தாறுன்னு காட்டுது. கீழ நூத்திப் பதினாறு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. சேகர் கையில் கட்டச் சொன்னேன். நூற்று இருபத்திரண்டு, எண்பது. மறுபடி கோமதி கையில். நூற்று எழுபத்தெட்டு. மிஷினில் ஒரு குறையும் இல்லை.

தலை வலிக்கிறதா என்றேன். மூன்று நாளாக வலிக்கிறதாம். தலைக்கு ஊற்றினார்கள், ஈரம் சரியாகக் காயவில்லை, குழந்தை தூங்க விடுவதில்லை, அதனால் என்று அம்மா சொன்னாராம். கண்? "வெள்ளையா மினுக்குது சிஸ்டர், தூக்கம் இல்லல்ல." மாத்திரை? பாலில் போய்விடும் என்று நாலு நாளைக்கு முன்பே அம்மா நிறுத்திவிட்டார். டாக்டரை மேஜைக்கு இழுத்து வந்தேன். உடனே அந்த மாத்திரையைக் கொடுத்துப் புறப்படச் சொன்னார். ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். சேகர் வேனிலேயே கிளம்பினார். பின் சீட்டில் கோமதியை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, தலைமாட்டில் அம்மா, மடியில் குழந்தை. கோமதியின் போன் ஸ்பீக்கரில். வலிப்பு வந்தால் வழியில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி தெரிகிறதோ அதற்குள் நுழைந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

மேடவாக்கம் தாண்டும்போது எங்கே இருக்கிறீர்கள், வேகமாக வாருங்கள் என்றேன். சேகர் குரல் அழுகிற குரலாக இருந்தது. "நாப்பதுக்கு மேல போகாது சிஸ்டர். ஸ்கூல் வண்டி. வேகத்துக்குக் கட்டை போட்டு வச்சிக்கிறாங்க."

கோமதியைப் பேச வைக்க வேண்டும். பேசுகிறவரை வலிப்பு வரவில்லை என்று எனக்குத் தெரியும். கடையில் இருக்கும் சேலை ரகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லு என்றேன். சொன்னாள். மைசூர் சில்க், பனாரஸ், கோட்டா, செட்டிநாட்டுக் காட்டன், போச்சம்பள்ளி. பள்ளிக்கரணையில் கலம்காரி என்றாள். வேளச்சேரியில் சுங்குடி என்றாள். அதற்குப் பிறகு சத்தமில்லை. ஹாரன்கள் கேட்டன. குழந்தை அழுதது. அம்மாவின் குரல், "தூங்குதும்மா பாவம், மூணு நாளா தூங்கல" என்றது. எழுப்புங்கள், எழுப்புங்கள் என்று நான் கத்தியதில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மெல்ல ஒரு குரல்: "சுங்குடி சொல்லிட்டேனா சிஸ்டர்?"

வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றோம். மஞ்சள் வேன் வந்தபோது மேல் நம்பர் நூற்று எண்பத்திரண்டு. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் மருந்தை ஏற்றினார்கள், அழுத்தத்துக்கு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் இறங்க ஆரம்பித்தது. வலிப்பு வரவில்லை. இப்போது எங்கள் பட்டியலில் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்துக்குக் கட்டம் போட்டிருக்கிறோம். அதுவரை யார் பெயர் மேலும் கோடு விழாது.

மூன்றாம் நாள் வார்டில் போய்ப் பார்த்தேன். கோமதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று போயிருந்தேன். அதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள். "பத்து நாளா வந்தவங்க எல்லாம் கொழந்த எப்டி கீதுன்னு கேட்டாங்க சிஸ்டர். நீங்க ஒருத்தர்தான் மிஷின் எப்டி கீதுன்னு கேட்டீங்க. நல்ல வேளை."

இருபத்திரண்டு வருட அனுபவம் கோட்டைவிட்ட இடத்தில் பேட்டரியைப் பற்றிய கவலை ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியது என்று எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டறிக்கையில் எழுதமாட்டார்கள் என்பதால், நானே இங்கே எழுதி வைக்கிறேன்.