தொகையைச் சொல்லத் தயங்கிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய குணத்தைப் பற்றி எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், கூடப் பிறந்த தங்கையான நானே அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது தெரிந்தது. தெரிந்தவரை எழுதுகிறேன்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் அப்பா கடலைக்காய் விற்றால் வியாபாரி கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்வார். விலை பேசுவது கௌரவக் குறைவு என்பது அவர் எண்ணம். அப்பா காலமானதும், எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் ஆயுள் காப்பீட்டு முகவரானார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த வருமானத்தில்தான்.

ஆனால் அப்பாவின் கூச்சம் அண்ணனிடமும் இருந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் சளைக்காமல் பேசுவார். தொகையைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் "அப்ப வாரேனுங்க" என்று எழுந்துவிடுவார். கமிஷன் வாங்குவதையே யாசகம்போல நினைத்தார். "ஏனுங்க, நாம என்ன திருடியா திங்கறோம்?" என்று அண்ணி கேட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரோடு தொழிலுக்கு வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அண்ணன் சைக்கிளுக்கு டயர் மாற்றினார்.

ஓமலூரில் அவருக்கு ஒரு சிநேகிதர். சொந்த லாரியைத் தாமே ஓட்டியவர். பெரிய தொகைக்குப் பாலிசி வேண்டுமென்று அவராகவே கேட்டார். "எதுக்குங்க அத்தன? பாதி போதுமுங்க" என்று அண்ணன் குறைத்து எழுதினார். கமிஷனுக்கு ஆசைப்பட்டான் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். அடுத்த வருடமே சிநேகிதர் விபத்தில் இறந்தார். காசோலையை அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் மனைவி கோபப்படவில்லை. "அவரு பெருசாப் போடோணும்னுதான் சொன்னாரு. நீங்கதான் வேண்டாம்னீங்களாமா. ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். தலை குனிந்த அண்ணன், பஸ் சேலம் வந்து சேரும்வரை நிமிரவில்லை.

அதன்பின் வேறு ஆளாகிவிட்டார். உட்கார்ந்ததும் தொகையைச் சொன்னார். குறைத்துக் கேட்டவர்களிடம் வாதாடினார். தொழில் வளர்ந்தது. எண்பதுகளில் அஸ்தம்பட்டிக்குக் குடிவந்து, வாசலில் போர்டு மாட்டி, ஸ்கூட்டரும் வாங்கினார். அண்ணிக்குப் பெருமை. எனக்கென்னவோ யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்வருவதுபோல இருந்தது.

பிறகு மழை பொய்த்தது. அண்ணன் வற்புறுத்திச் சேர்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தவணை கட்ட முடியாமல் பாலிசியை இழந்தார். வீட்டுக்கே வந்து, "உன்ர பேச்ச நம்பித்தான சாமி போட்டேன். கட்டுன காசும் போச்சே" என்றார். அவர் போனபிறகு அண்ணன் என்னிடம், "கொறச்சு எழுதுனாலும் தப்பாவுது, கூட்டி எழுதுனாலும் தப்பாவுது. நான் என்னதான் பண்றது அம்மிணி?" என்று கேட்டார்.

அதிலிருந்து யார் வந்தாலும், "மழ பேஞ்சா என்ன வருமுங்க, பேயலைன்னா என்ன வருமுங்க?" என்று நேராகவே கேட்டு, அதற்குத் தக்கபடி எழுதினார். அந்தக் கேள்வி பிடிக்காமல் எழுந்து போனவர்களும் உண்டு. தொழில் விழவில்லை. முன்போல் ஏறவுமில்லை. அப்போதுதான் அவர் நிம்மதியாக இருந்தார் என்கிறார் அண்ணி. ஆனால் தொகையை எழுதும்போது அவர் கை ஒரு கணம் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜவுளி வியாபாரி, "நான் எவ்வளவுக்குப் போடலாமுங்க?" என்று கேட்டார். "மொதல்ல எந்திரிச்சு நடங்க பாய், அப்பறம் பேசலாம்" என்று அண்ணன் சிரித்தார். நடந்து வீடு போனவர் பாய்தான்.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகத் துணையிருந்த பங்காளிகளுக்கும், ரத்தம் கொடுத்த அஸ்தம்பட்டி இளைஞர்களுக்கும், உடம்பு தேறுமுன்பே துக்கத்துக்கு ஓடிவந்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கத்தன்று ஒருவர், "உங்கண்ணன் பெருசா வேண்டாம்னாரு, அதான் தவண கட்டிப் பொழச்சேன்" என்று அழுதார். இன்னொருவர், "அவரு புடிவாதமாப் போடவெச்சாரு, அதான் எங்கப்பா போனப்பறமும் பொழச்சோம்" என்று அழுதார். அண்ணன் பணத்துக்குப் பயந்தாரா, அதை மதித்தாரா? தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள். அண்ணியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.