திரையின் கீழ் மூலை

எந்த ரைஸ் மில்லுக்குப் போனாலும் ஷமீரா முதலில் கணினித் திரையின் கீழ் மூலையைத்தான் பார்ப்பார். அங்கே யார் பெயர் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். நெல்லை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் அந்த மென்பொருள், குடவாசலில் ஒரு செருப்புக்கடை மாடியில் உட்கார்ந்து அவர் எழுதியது. மூலையில் அவர் பெயர் இருக்கும் மில்கள் இப்போது குறைவு. மற்ற இடங்களில் 'மதிவாணன், தஞ்சாவூர்' என்றிருக்கும். மதிவாணன் தராசு விற்பவர். மென்பொருளைப் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, தராசோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

ஷமீராவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் பென்டிரைவைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவார். டீயை ஆறவைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோவார். யார் என்ன குறை சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது, "எங்க, செஞ்சு காட்டுங்க."

கும்பகோணத்து வக்கீல், சட்டம் இருக்கிறது, வழக்குப் போடலாம் என்றார். "சம்பா அறுப்புக்குள்ள முடியுமா சார்?" என்று இவர் கேட்டதும் சிரித்துவிட்டார். கத்தாரில் இருக்கும் கணவர் நௌஷாத் வேறு வழி சொன்னார்: "பூட்டுப் போட்டுடு. ஒன்னைக் கேக்காம ஒருத்தரும் தெறக்க முடியக்கூடாது. இல்லன்னா எல்லாத்தையும் மூடிட்டு இங்க வந்துடு." மூட ஷமீராவுக்கு மனம் வரவில்லை. ஆகவே புதிய பதிப்பை, பூட்டோடு ஒன்றும் பூட்டில்லாமல் ஒன்றுமாக எழுதினார். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யாமலே இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

தை மாதம் குணசேகரன் மில்லிலிருந்து அழைத்தார்கள். அவரிடம் வேலை பழகும் நானும் கூடப் போனேன். வாசலில் விவசாயிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் வேறு மூடியிருந்தது. மூலையில் மதிவாணன் பெயர். "எங்க, செஞ்சு காட்டுங்க." ஒரு மூட்டையை ஏற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. சணல் சாக்கின் எடையைக் கழிக்கும் பழைய பதிப்பு அது. இப்போது வருவதோ லேசான பிளாஸ்டிக் சாக்கு. மூட்டைக்கு மூட்டை விவசாயியின் நெல் கொஞ்சம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. ஷமீரா சாக்கைத் தொட்டுப் பார்த்தார். கழிப்பது அவர் எழுதிய வரிதான். அதற்கான திருத்தமும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

"மதிவாணனுக்கு விக்கத் தெரியுது, தெறந்து பாக்கத் தெரியலம்மா. விசாரிச்சா, எழுதுனதே நீங்கதான்னாங்க," என்றார் குணசேகரன். பிறகு பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "அருமையான ப்ரோக்ராம்மா! பேராவூரணியில எங்க மச்சான் தேங்கா மண்டிக்கு நான்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். நெல்லுங்கற எடத்துல தேங்காய ஏத்துறாரு, சும்மா ஓடுது. பக்கத்து வயக்காரன் வெதநெல்லு கேட்டா குடுக்குறதில்லையா, அந்த மாதிரிதான்," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷமீரா குரலை உயர்த்தவில்லை. "வெதநெல்லு தானா மொளைக்கும்ணே. இது மொளைக்காது. சாக்கு மாறுனா யாராச்சும் உக்காந்து எழுதணும். நான் கத்தாருக்குப் போயிட்டா யாரு எழுதுவா?"

குணசேகரன் வாசலை எட்டிப் பார்த்தார். வெளியே தூறல் போட்டது. தார்ப்பாய் எங்கே என்று யாரோ கத்தினார்கள்.

ஷமீரா கயிற்றைக் கழற்றி, பென்டிரைவைக் கணினியில் சொருகினார். பூட்டுப் போட்டதைத்தான் ஏற்றப்போகிறார் என்று நினைத்தேன். ஏற்றட்டும் என்றும் விரும்பினேன். அவர் அதை அழித்துவிட்டு மற்றதை ஏற்றினார். "மழ வர்ற நேரத்துல இவங்க என்னத் தேடிக்கிட்டு நிக்கக்கூடாது," என்றார் என்னிடம். மூலையில் தன் பெயரைப் போடவில்லை. கைப்பேசி எண்ணைப் போட்டார்.

"பேரு போடலயாம்மா?"

"பேர யாரு வேணா மாத்திக்கலாம்ணே. ரிப்பேருன்னா இந்த நம்பருதான வேணும்?"

பென்டிரைவைப் பிடுங்கி, கயிற்றோடு குணசேகரனிடம் நீட்டினார். "ஒங்க மச்சானுக்கும் இதையே போட்டுக் குடுங்க. பழசு வேணாம்."

குணசேகரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கயிற்றின் மறுநுனியை மட்டும் ஷமீராவின் விரல்கள் சற்று நேரம் விடவில்லை.