கரப்பாக்கா வாங்கிய கரையான் வீடு

இல்லை, அவளை யாரும் துரத்தவில்லை. மேட்டுப் பகுதிக்காரர்கள் கரப்பாக்காவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள் என்று மருந்துக் கடை வாசலில் நின்று கதை அளக்கிறார்களே, அவர்களில் ஒருவராவது அன்று அந்த அறையில் இருந்தார்களா? இன்னொரு கூட்டம் வேறு மாதிரி சொல்கிறது. அவள் சபையில் எழுந்து நின்று, உன் வீட்டில் இந்தப் பூச்சி, உன் வீட்டில் அந்தப் பூச்சி என்று ஒவ்வொருவர் மானத்தையும் வாங்கினாளாம். அதுவும் பொய், கலப்படமில்லாத பொய். மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பூச்சி மருந்து அடிக்கிறவள் தனக்கு வீடு வாங்கும்போது கரையான் பிடித்த வீடாகப் பார்த்து வாங்கினாள் என்று. அது மட்டும் உண்மை. தெரிந்தேதான் வாங்கினாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கரப்பாக்கா என்பது தாய் தகப்பன் வைத்த பெயரில்லை. அவளுடைய வண்டியால் வந்த பெயர். வெள்ளை வேன். பின்கதவு இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு கரப்பான்பூச்சி, மல்லாந்து கிடக்கும், ஆறு காலும் மேலே. ஓவியன் முதலில் உள்ளங்கை அளவுக்குத்தான் வரைந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பேரீச்சம்பழம் மாதிரி இருக்கிறது, கால் தெரிய வேண்டும் என்று அழிக்கச் சொல்லிவிட்டாள். இப்போது சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் பின்னால் பள்ளி வேனில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ‘கரப்பாக்கா’ என்று கையாட்டும். அவளும் ஒருமுறை ஹாரன் அடிப்பாள்.

அந்தத் தொழிலுக்கு அவள் யார் சிபாரிசிலும் வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருந்தடிக்க ஒருவன் வருவான். வாசலில் நின்றபடியே நடுத்தரையில் பீய்ச்சிவிட்டுப் போய்விடுவான். செத்ததைக் கூட்டி அள்ளுவது இவள். நாலாவது தடவை கேட்டேவிட்டாள், அதுகள் குடியிருப்பது குளிர்பெட்டிக்குப் பின்னால் மோட்டார் சூட்டில், நீ ஏன் நடுத்தரையைக் குளிப்பாட்டுகிறாய் என்று. அவன் சிரித்தான். அதைக் கேள்விப்பட்ட அவனுடைய முதலாளி சிரிக்கவில்லை, வேலைக்கு வருகிறாயா என்றார். ஏழு வருடம் அவரிடம் குழாய் தூக்கினாள். அப்புறம் சொந்த வண்டி, இரண்டு ஆட்கள்.

வேலை என்றால் அவள் முழங்காலில்தான் பார்ப்பாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கீழ் இழுப்பறையை மொத்தமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, கதவுக் கீலுக்குள் எட்டிப் பார்ப்பாள். கரப்பு குடியிருக்கும் சமையலறைக்கு ஒரு எண்ணெய்ச் சிக்கு வாடை உண்டு. வாசலிலேயே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆனால் முகத்தில் காட்ட மாட்டாள். யார் வீட்டில் என்ன பார்த்தாள் என்று கட்டிய கணவனிடம்கூட மூச்சு விட மாட்டாள். டாக்டர் சொல்வாரா, நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்பாள். அதிலும் மேட்டுப் பகுதியில் அழைப்பவர்கள் போனிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வண்டியை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வாருங்கள், யாராவது கேட்டால் தோட்ட வேலை என்று சொல்லுங்கள் என்பார்கள். போவாள். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் மூச்சு வாங்க நடப்பாள். அவர்கள் வீடு, அவர்கள் வெட்கம், நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

வீடு வாங்கும் பேச்சு வந்தபோதுதான் அப்படி நமக்கென்ன என்று இருக்க முடியாமல் போனது.

அதுவரை அவர்கள் இருந்தது டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். மகளுக்குப் பதினைந்து வயது. முன்னறையில் ஒரு அலமாரியைக் குறுக்கே நிறுத்தி அதற்குப் பின்னால் படுத்தாள், அதுதான் அவளுடைய அறை. டயர் கடைக்காரர் கட்டடத்தை விற்கிறேன், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார். வங்கியும் தலையாட்டிவிட்டது. இனிமேல் வாடகை வேண்டாம், வாங்குவதை நல்ல இடத்தில் வாங்குவோம் என்று மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். நல்ல இடம் என்றால் இரண்டுதான். ஒன்று மேட்டுப் பகுதி, மற்றது ஏரிக்கரை. இரண்டுமே வசதிக்காரர்கள் இருக்கும் இடம். எடுத்த எடுப்பில் அங்கேயா என்று அப்போதே பலருக்கு வயிறு எரிந்தது. ஏன், அந்தத் தரையில் பதினைந்து வருடம் முழங்கால் தேய்ந்தவள் அங்கே படுத்துத் தூங்கக் கூடாதா?

தரகர் இரண்டையும் காட்டினார். மேட்டு வீட்டில் மூன்று படுக்கையறை. மகளுடைய பள்ளிக்கு நடந்தே போகலாம். கணவரின் அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், இரண்டு வீடு தள்ளி. கரப்பாக்கா பழக்க தோஷத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு அடியில் நுழைந்துவிட்டாள். விற்கிற அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது, தரகர் இருமிப் பார்த்தார். இவள் சாவகாசமாக வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு, சுத்தமான வீடு, ஒரு எறும்புகூட இல்லை என்றாள். பொறாமையில் குறை சொன்னாள் என்கிறார்களே, அவள் வாயாலேயே சொன்னது இது.

ஏரிக்கரை வீட்டில் இரண்டு படுக்கையறைதான். பின்னறை ஜன்னல் சட்டத்தை விரல் முட்டியால் தட்டினாள். பொட்டென்று ஒரு சத்தம், உள்ளே ஒன்றுமில்லை. சுவரோரம் நூல் பிடித்த மாதிரி மண் கோடு ஒன்று மேலே ஏறியது. தரகருக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, வாசலில் நிற்கிற வண்டி யாருடையது, எங்கள் கொல்லையிலும் எலித் தொல்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று உரக்கக் கேட்டார். தெருவுக்கே கேட்டது. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் வந்து உட்கார்ந்துகொண்டாள். கெட்டவள் இல்லை. தம்பி குடும்பம் பக்கத்தில் வர வேண்டும் என்று ஆசை. மேட்டுப் பகுதிச் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது, விளம்பரம் எழுதிய வண்டி எதுவும் தெருவிலோ வாசலிலோ நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் சிக்கல் என்றாள்.

“அந்தப் பூச்சிப் படத்தை மட்டும் அழிச்சிடேன் கண்ணு. வண்டி ஓடுறதுக்குப் படமா வேணும்?”

“வண்டிக்கு வேண்டாம் அண்ணி. எனக்கு வேணும்.”

கணவர் மேட்டு வீட்டின் பக்கம்தான். மகளுக்குப் பள்ளி, அக்கா துணை, ஒரு அறை கூடுதல் என்று அடுக்கினார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து மகள்தான் உண்மையைப் போட்டு உடைத்தாள். பள்ளியில் தன் அம்மா சுகாதாரத் துறையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். மேட்டுப் பகுதிப் பிள்ளைகள் பாதிப் பேர் அவள் வகுப்பு. “நீ ஒரு படத்துக்காக என் ரூமைக் கெடுக்காதம்மா” என்றாள்.

கரப்பாக்கா சுருக்கென்று தைத்ததை வெளியே காட்டாமல் மருந்துக் குழாயைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்தை அழித்தால் மகளுக்கு மேட்டு வீட்டில் அறை. அழிக்காவிட்டால் மகளே முகம் கொடுக்க மாட்டாள். வீம்புக்காரி என்கிறார்கள். அப்படிப்பட்டவள் மறுநாள் காலை ஓவியனுக்குப் போன் போட்டு, அந்தக் கதவை வெறும் வெள்ளையாக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாளே, அது யாருக்காவது தெரியுமா? ஒரே நாள் என்றான். சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மேட்டுப் பகுதியில் வீடு கைமாறும் முன் வருகிறவர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூவரும் போனார்கள். செயலாளர் வீடு, நீளமான கூடம், எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நாத்தனாரும் ஒருத்தி. செயலாளர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். மூன்று மாதம் முன்பு அதே வீட்டு மாடியில் அவர் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க, மறுமுனையை இவள் பிடித்துக்கொண்டு தையலுக்குள் மூட்டைப்பூச்சி மருந்து அடித்திருந்தாள். அவர் இப்போது முதன்முதலாகப் பார்ப்பது போல இவளைப் பார்த்து, வாருங்கள் என்றார். இவளும் வணக்கம் என்றாள். பொறுத்துக்கொண்டாள்.

குடும்பம், பள்ளி எல்லாம் விசாரித்து முடித்து, அம்மா என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கணவர் முந்திக்கொண்டு சுகாதாரம் சம்பந்தமாக என்று இழுத்தார். மகள் தட்டிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூச்சி மருந்து அடிக்கிறேங்க” என்றாள் கரப்பாக்கா.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தொழிலைப் பத்தி ஒண்ணும் இல்லை. வண்டிதான். எங்க பகுதியில பூச்சியே கிடையாது பாருங்க. அந்த வண்டி வாசல்ல நின்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

எட்டுப் பேர். அதில் ஆறு வீட்டின் அடிப்பக்கம் அவளுக்குத் தெரியும். நாத்தனார் வீடும் சேர்த்தி. ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒவ்வொரு பார்வையும் தேநீருக்குள் இறங்கியது. செயலாளர் மட்டும் குடிக்காத கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பயந்திருக்கிறார். வாயைத் திறந்தால் போதும், அந்த ஆறு பேருக்கும் வீட்டை விற்றுவிட்டு ஓட வேண்டியிருக்கும். அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விழுங்கிவிட்டாள். அவர்கள் மறைத்ததைக் காப்பாற்றியதும் அவளுடைய தொழில்தானே.

பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். தினமும் வேலை முடிந்து வந்ததும் வண்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடலாமே என்று. கணவர் ஆவலோடு இவளைப் பார்த்தார். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

“போர்த்தி வைக்கிறதுக்கு அது என்ன பொணமாங்க? அந்த வண்டிதான் எங்களை இங்க உட்கார வைச்சிருக்கு. பூச்சி இல்லைன்னு சொன்னீங்க, சந்தோஷம். இருக்கிற இடமாப் பார்த்து நான் போயிக்கிறேன்.”

அவ்வளவுதான் அவள் பேசியது. சத்தம் போடவில்லை. யார் பெயரையும் எடுக்கவில்லை. ஒருவரும் போ என்று சொல்லவும் இல்லை, உட்காருங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் செயலாளர் கையைக் காட்டினார். கணவர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தபடி இருந்தார். “என்னங்க, நீங்க டீயைக் குடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் கூடத்தைத் தாண்டி நடந்தாள். மகளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வர மறுத்துவிட்டால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே தரகருக்குப் போன் போட்டாள். ஏரிக்கரை வீட்டை முடித்துவிடுங்கள், ஜன்னலுக்கு வேறு யாரையும் மருந்தடிக்க விடாதீர்கள், பாழாக்கிவிடுவார்கள் என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் நிற்கிறாள். முகம் கடுகடுவென்று இருந்தது. சமாதானமும் இல்லை, கோபம் தீரவும் இல்லை.

“அப்ப எனக்கு அந்தக் கரையான் ரூம்தான?”

“ஆமா.”

“மருந்து நாத்தம் எத்தனை நாளு இருக்கும்?”

“மூணு நாளு. ஜன்னலைத் திறந்து வைச்சா ரெண்டு.”

மகள் யோசித்துப் பார்த்தாள். அப்புறம் குனிந்து தன் செருப்பைத் தேடினாள். கரப்பாக்கா காத்திராமல் படி இறங்கி நடந்தாள்.