பொக்கற் இல்லாத சூப்பர் ஹீரோ

வெள்ளவத்தை சலூனில் என் பக்கத்தில் காத்திருந்த பெரியவர், பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றைப் புரட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இடையிடையே அவர் கை தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

“இஞ்ச பாருங்கோ தம்பி, காற்சட்டைக்கு மேல ஜட்டி! கண்ணை மட்டும் மறைச்சா ஊருக்கே ஆளைத் தெரியாதாம்.”

“பறக்கிறதுக்குக் கழுத்தில சால்வை வேற,” என்றேன்.

“அதை விடுங்கோ. உடுப்பில ஒரு பொக்கற் இல்லையே. செக்பொயின்ற்றில ஆமி மறிச்சா ஐடென்டிற்றி காட்டை எங்கயிருந்து எடுப்பார்?”

யுத்தம் முடிந்து, செக்பொயின்ற்றுகள் போய் எத்தனையோ வருடங்கள். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

“பேக்கரியில பாண் வாங்கத்தானே எண்டு வேற சேட்டு ஒண்டைப் போட்டுக்கொண்டு போனவன் என்ர மூத்த மகன். ஐடென்டிற்றி காட் மற்றச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. ஆள் திரும்பி வரேல்லை.”

அவர் முறை வந்தது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி தோளிலிருந்து விரிந்தது. அதன் அடியில், முடி வெட்டி முடியும்வரை, ஒரு கை சட்டைப்பையைப் பொத்திப் பிடித்திருந்தது.